‘மலர் 1, இதழ் 1’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது

வட சென்னையில், தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு பழைய வீட்டை இடித்தால், பரணில் கிடந்த டிரங்குப் பெட்டி நேராகக் காயலான் கடைக்குத்தான் போகிறது. அதற்குள் பத்து வருஷத்து வாரப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருப்பது அதிசயமில்லை. ஆனால் ஒரு பத்திரிகையின் முதல் இதழ், அட்டையோடும் விளம்பரப் பக்கங்களோடும் முழுசாக, அந்தக் கட்டில் அநேகமாக இருக்காது.

காரணம் இரண்டு. ஒரு பத்திரிகையைச் சேர்த்து வைக்கலாம் என்று வாசகருக்குத் தோன்றுவதே நாலைந்து மாதம் படித்துப் பழகிய பிறகுதான். அதற்குள் முதல் இதழ் பொட்டலம் மடிக்கப் போயிருக்கும். இரண்டாவது காரணம் தொடர்கதை பைண்டிங். வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்து, கதை முடிந்ததும் காலிகோ துணி அட்டை போட்டுத் தைத்து வைத்தார்கள். நம் அம்மாக்களும் பாட்டிகளும் காப்பாற்றித் தந்த பெரிய செல்வம் அது. அதே சமயம் அட்டையும் தலையங்கமும் விளம்பரமும் அந்தக் கத்தரிப்பில்தான் போயின. முதல் இதழின் உயிர் அந்த மூன்றில் இருக்கிறது: எதற்காகத் தொடங்கினோம் என்று ஆசிரியர் எழுதிய முதல் தலையங்கம், என்ன முகத்தோடு கடைக்கு வந்தது என்று காட்டும் அட்டை, யார் காசு கொடுத்து ஆதரித்தார்கள் என்று சொல்லும் விளம்பரம். கதையைப் பின்னால் நூலாகவும் படித்துக்கொள்ளலாம். இந்த மூன்றும் வேறெங்கும் வராது.

ஆகவே தேடும்போது தொடர்கதை வால்யூம்களைத் தள்ளிவிடுங்கள். ‘ஜனவரி – டிசம்பர்’ என்று முதுகில் எழுதி, இதழ் இதழாக அட்டையோடு பைண்ட் செய்த வால்யூம் வேண்டும். அவை பெரும்பாலும் மூடப்பட்ட படிப்பகங்களிலிருந்தும் வாடகை நூலகங்களிலிருந்தும் வருபவை. பெரம்பூர், புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் தெருவுக்குத் தெரு படிப்பகம் இருந்த காலம் உண்டு. அங்கிருந்து வரும் பிரதியில் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், இதழ் எந்தக் கைகள் வழியாக வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இன்றும் இயங்குகிற ஒரு நூலகத்தின் முத்திரை இருந்து, கழித்துக்கட்டியதற்கான முத்திரை இல்லையென்றால் வாங்காதீர்கள். அது திருட்டுச் சரக்காக இருக்கலாம். அந்த நூலகத்துக்குத் தகவல் சொல்வதே முறை.

இனி, ‘முதல்’ என்றால் எது முதல்?

ஆனந்த விகடனை பூதூர் வைத்தியநாதையர் தொடங்கியது 1926-இல். எஸ்.எஸ்.வாசன் கைக்கு வந்தது 1928-இல். வாசன் காலத்தின் முதல் இதழைக் காட்டி ‘முதல் விகடன்’ என்று ஒருவர் விற்றால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. வேறொரு முதலைச் சொல்கிறார். மணிக்கொடி 1933 செப்டம்பரில் வாரப் பத்திரிகையாக வந்தது, பி.எஸ்.ராமையாவின் பொறுப்பில் சிறுகதைப் பத்திரிகையாக மறுபிறப்பு எடுத்தது 1935-இல். முரசொலி 1942-இல் துண்டறிக்கையாகத் தொடங்கியது. நாளிதழ் ஆனது 1960-இல். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஓராண்டு கழித்துத்தான் அது ‘தமிழன்’ ஆயிற்று. ‘தமிழன்’ என்று மட்டும் தலைப்பு இருக்கும் தாள் எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் முதல் இதழாக இருக்க முடியாது. எந்த முதலை வாங்குகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எண்ணிடும் சொற்களும் ஒன்றாக இல்லை. மலர்–இதழ், தொகுதி–பகுதி, புத்தகம்–இலக்கம், சம்புடம்–சஞ்சிகை என்று ஆளுக்கொரு வழக்கம். ஆண்டுதோறும் மலர் எண் மாறி, இதழ் எண் திரும்ப 1-க்கு வரும். ‘இதழ் 1’ என்று மட்டும் பார்த்து ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தை வாங்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

எண்ணை நம்பாமல் காலத்தைக் கண்டுபிடிக்க, கடை வாசலில் நின்றபடியே பார்க்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. முதலாவது விலை. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அதன்பின் நயா பைசா, சுருக்கமாக ‘ந.பை.’ மாறிய புதிதில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார்கள். 4 அணாவுக்கு 25 ந.பை. சரியாகப் பொருந்தும், 2 அணா 12 ந.பை. ஆகக் குறுகும். 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ போய் வெறும் பைசா. 1959 ஜனவரியில் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ ந.பை. காலத்தைச் சேர்ந்தது, 1965-இல் வந்த ‘தீபம்’, ‘கணையாழி’ இரண்டும் பைசா காலத்தவை. அச்சகத்தில் பழைய பழக்கம் உடனே போகாது என்பதால், 1964-க்குப் பின் சில மாதங்கள் ‘ந.பை.’ தென்பட்டால் சந்தேகப்பட வேண்டாம். 1947 இதழ் என்று சொல்லப்படுவதில் ‘ந.பை.’ விலை இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை, அது பின்னால் அச்சிட்டது.

இரண்டாவது, எழுத்து வடிவம். எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறிய 13 எழுத்துகளில் னை, லை, ணா மூன்றும் உண்டு. ‘சென்னை’, ‘விலை’, ‘அணா’ என்ற மூன்று சொற்களும் ஏறக்குறைய எல்லாப் பழைய இதழிலும் இருக்கும். அவற்றைப் பார்த்தாலே போதும். யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த ‘லை’ இல்லாமல், இன்று நாம் எழுதும் ‘லை’ இருந்தால், அந்தத் தாள் 1947-ஐச் சேர்ந்ததல்ல. விதிவிலக்கு பெரியாரின் ஏடுகள். 1925 மே மாதம் தொடங்கிய ‘குடி அரசு’ 1935 முதல் சீர்திருத்த எழுத்துகளில் வந்தது. ஆனால் அதன் முதல் இதழில் பழைய வடிவம்தான் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் இந்தச் சோதனை அவ்வளவு வலுவில்லை: 1978-க்குப் பிறகும் புது அச்செழுத்து வாங்கும்வரை பழைய வடிவத்தில் ஓட்டிய அச்சகங்கள் உண்டு.

முகவரியில் ஆறிலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. ‘சென்னை-1’, ‘சென்னை-21’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் முந்தையது. பத்திரிகைப் பதிவாளரின் ‘ஆர்.என்.’ எண் இருந்தால் 1956-க்கு முன் போக முடியாது. அன்று நடப்பிலிருந்த 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயர், இடம், வெளியிட்டவர் பெயர் ஒவ்வொரு பிரதியிலும் இருந்தாக வேண்டும்; பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி மழுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் பிரதியின் மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வருஷப் பெயர் அச்சாகியிருந்தால் அது இன்னொரு பூட்டு. 1947 ஏப்ரல் நடுவிலிருந்து ஓராண்டு சர்வஜித்து; அம்புலிமாமா தொடங்கிய 1947 ஜூலையும், குமுதம் தொடங்கிய 1947 நவம்பரும் அதற்குள் வரும். கல்கி தொடங்கிய 1941 ஆகஸ்ட், விஷு வருஷத்து ஆடி. கலைமகள் தொடங்கிய 1932 ஜனவரிக்கு பிரஜோற்பத்தி. ஆங்கிலத் தேதியும் தமிழ் வருஷமும் ஒத்துப்போகவில்லையென்றால் ஒன்று அச்சுப்பிழை, அல்லது அட்டை ஒன்று உள்ளடக்கம் வேறு. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

அதனால் அடுத்த வேலை பக்கம் எண்ணுவது. நடுவில் கம்பிப் பின் அடித்த இதழில் ஒவ்வொரு தாளும் மடிந்து நான்கு பக்கமாகும். மொத்தப் பக்கம் 64 என்றால், ஒரே தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 65 வரவேண்டும்: 5-உடன் 60, 6-உடன் 59. ஐந்தாம் பக்கம் கிழிந்து போயிருந்தால் 60-ஆம் பக்கத்துத் தாள் பின்னில் ஒட்டாமல் தனியாக ஆடும். எளிதில் விழுவது நடுத்தாள். 64 பக்க இதழில் அது 31 முதல் 34 வரை. கடைக்காரர் கட்டை அவிழ்க்கும்போதே அது நழுவிப் போவதால், கட்டு இருந்த இடத்தின் தரையையும் ஒரு முறை பாருங்கள். அட்டையைப் பக்கக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா, வழுவழுத் தாளில் தனியாக அச்சிட்டுச் செருகிய வண்ணப்படம் உண்டா என்பதை முழுப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மூன்றையும் பாருங்கள். லிங்கிச் செட்டித் தெருவில் இருந்த மறைமலை அடிகள் நூலகத்தின் சேகரம் இப்போது கன்னிமாராவில் இருக்கிறது.

மறு அச்சும் வண்ண நகலும் தனிச் சிக்கல். முத்து காமிக்ஸின் முதல் வெளியீடான ‘இரும்புக்கை மாயாவி’ பின்னாளில் திரும்ப அச்சானது. பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. இரண்டு கருவிகள் போதும்: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். ஈய எழுத்தில் அச்சிட்ட பக்கத்தில் எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கி ஒரு கருவளையம் தெரியும்; தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும். ஆஃப்செட்டில் இரண்டும் இருக்காது. லேசர் நகலில் எழுத்தைச் சுற்றிப் பளபளக்கும் கரும்பொடி சிதறியிருக்கும். இருட்டில் டார்ச் அடித்தால், 1950-க்கு முந்தைய தாள் மங்கிய பழுப்பாகவே நிற்கும். வெளுப்பூட்டி சேர்த்த பிற்காலத் தாள் நீலமாக ஒளிரும். கம்பிப் பின்னின் துருவையும் பாருங்கள். அட்டையில் துருக்கறை இருந்து, அதற்கு நேர் உள்தாளில் இல்லையென்றால், அட்டை வேறு இதழிலிருந்து வந்தது.

எங்கே தேடுவது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தவரை எல்லாப் பாதையும் அங்கேதான் முடிந்தது. 1985 மே 30 தீவிபத்துக்குப் பிறகு கடைகள் அல்லிக்குளத்துக்கும் அங்கிருந்து பல திக்குக்கும் சிதறின. இன்று பலன் தருவது ஒரு சந்தையைவிட, ஐந்தாறு பழைய பேப்பர் கடைகளோடு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான். அவர்கள் நியூஸ்பேப்பர், புத்தகம், அட்டை என்று தரம் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பிரிப்பதற்கு முன் போக வேண்டும். ‘பழைய புக்கு’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘கம்பிப் பின் போட்ட பழைய வாரப் பத்திரிகை, அட்டை கிழிஞ்சிருந்தாலும் எடுத்து வைங்கண்ணே’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். எடைக்கு எடுத்த சரக்கில் ஒன்று உயர்ந்தது என்று தெரிந்தால், எடை விலைக்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள், கூட்டிக் கொடுங்கள். அடுத்த முறை அவர் உங்களுக்காக எடுத்து வைப்பார்.

இதுவரை வாங்குவது. காப்பாற்றுவதுதான் இந்த ஊரில் கடினம்.

நியூஸ்பிரிண்ட் மரக்கூழை அரைத்துச் செய்த தாள். அதில் லிக்னின் என்ற மரப்பொருள் போகாமல் இருக்கும். வெளிச்சமும் ஈரமும் பட்டால் அமிலம் ஊறி, பழுத்து, மடித்த இடத்தில் அப்பளம் போல் நொறுங்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துப் பின்னைத் துருவாக்குகிறது. மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைக் காற்றில் உள்ள கந்தக வாயு தாளுக்குள் போய்க் கந்தக அமிலமாகிறது. அதனால் திறந்த அலமாரி இங்கே ஒத்துவராது. மூடிய பீரோ, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, கடல் பார்த்த சுவரைத் தவிர்த்து.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை, வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் மாறியதும் 110 டிகிரி வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் திரும்பப் பயன்படும். இரவில் மட்டும் ஏசி போட்டுப் பகலில் நிறுத்தும் அறை, ஏசியே இல்லாத அறையைவிட மோசம். தாள் தினமும் விரிந்து சுருங்கும்.

வீட்டுக்கு வந்த எந்தக் கட்டையும் நேராகப் பழைய சேகரத்தோடு சேர்க்காதீர்கள். பூச்சி இருக்கும். ராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டும். வண்டு வட்டத் துளை போட்டு மாவு உதிர்க்கும். கறையான் மண் பூசிக்கொண்டு வரும். தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படியும். அந்துருண்டை முட்டைகளைக் கொல்லாது, வாடை தாளை விட்டுப் போகாது, படுக்கையறையில் மூச்சுக்கும் கெடுதல். வசம்பு நல்ல பழக்கம்தான், துணி முடிச்சில் கட்டி மூலையில் போடுங்கள், தாளைத் தொட்டால் கறை.

உறைக்கு 50 முதல் 75 மைக்ரான் பாலியெஸ்டர் ஷீட், அதாவது மைலார், சிறந்தது. கட்டுப்படியாகாவிட்டால் பாலிப்ரொப்பிலீன் கவர். பி.வி.சி. வேண்டவே வேண்டாம், சில ஆண்டில் பிசுபிசுத்து அட்டை மையை உரித்துக்கொள்ளும். லேமினேஷன் என்றால் அந்த இதழ் முடிந்தது, பிரிக்க வழியில்லை. பின்னால் வைக்கும் அட்டைக்கு ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கும்போது ‘ஆசிட் ஃப்ரீ’ என்ற சொல்லை மட்டும் நம்பாமல் பி.எச். பேனாவால் மூலையில் ஒரு கோடு போடுங்கள்: ஊதா நின்றால் சரி, மஞ்சளானால் அமிலம். அந்தப் பேனா இதழின் மேல் படவே கூடாது. இதழ்களைப் படுக்க வையுங்கள், ஒரு அடுக்கில் பதினைந்துக்கு மேல் வேண்டாம்.

துருப்பிடித்த பின்னைப் பிடுங்கும் கருவியால் இழுத்தால் நடுத்தாள் கிழியும். உள்பக்கம் மடிந்த கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளி எடுத்து, துருப்பொடியை உலர்ந்த தூரிகையால் துடைத்து, அதே இரண்டு ஓட்டைகள் வழியாகச் சாயமில்லாத பருத்தி நூல் கோத்து உள்ளே முடிச்சுப் போடுங்கள். துரு பரவாத பின்னைத் தொட வேண்டாம்.

கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டுவதுதான் நம் ஊரில் நடக்கும் மிகப் பெரிய அழிவு. அதன் பசை மஞ்சளாகி, தாளுக்குள் இறங்கி, கடைசியில் எழுத்தையே எண்ணெய்க் கறையாக்கும். ஏற்கெனவே ஒட்டியதை நீங்களாகப் பிய்க்காதீர்கள். புதிதாக ஒட்ட 9 முதல் 12 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்) எடையுள்ள ஜப்பானிய டிஷ்யூ என்ற மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர், அரை மணி ஊறவைத்து, சிறு தீயில் விடாமல் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் இறக்கி ஆறவைத்து வடிகட்டுங்கள். மைதா வேண்டாம், அதன் புரதம் பூச்சியை அழைக்கும். பைண்டர்கள் பசையில் போடும் மயில் துத்தமும் வேண்டாம், அதிலுள்ள தாமிரம் தாளை உள்ளிருந்தே அரிக்கும். வண்ண அட்டையில் பசை தொடுமுன் ஈரப் பஞ்சை ஒரு மூலையில் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஏறினால் அந்த அட்டையை ஈரம் இல்லாமலே விட்டுவிடுங்கள்.

வெள்ளம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற தாழ்ந்த பகுதிகளில் தரைத்தளத்துக்காரர்கள் எதையும் மூன்றடிக்குக் கீழ் வைக்கக் கூடாது. பீரோவின் கீழ்த்தட்டு பாத்திரத்துக்கு. நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கையில் இருக்கிறது, அதற்குள் பூஞ்சை கிளம்பிவிடும். வெயிலில் விரிக்காதீர்கள், நெளிந்துவிடும். பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத தாள் செருகி, விசிறிக்கு அடியில் வைத்து, இரண்டு மணிக்கொரு முறை தாளை மாற்றுங்கள். வழுவழுத் தாள் பக்கங்களை ஈரமாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். காய்ந்தால் செங்கல் போல் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க ஆள் இல்லையென்றால், பையிலிட்டு உறைபெட்டியில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். மீன் கடை ஐஸ் பெட்டி உதவாது, அது உறைய வைக்காது. ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃப்ரீசர் வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சீட்டு. பென்சிலால், இதழின் மேல் அல்ல, தனித் தாளில். ‘மலர் 1 இதழ் 1. 64 பக்கம். 31–34 இல்லை. பின் இரண்டு, மேல் பின் துரு. பின்னட்டை வலது மூலை கிழிசல். கொருக்குப்பேட்டை, எடைக் கடை, வாங்கிய தேதி.’ என்றாவது இன்னொரு குறைப் பிரதி கிடைத்து அதன் நடுத்தாளை இதில் சேர்த்தால், அதையும் அதே சீட்டில் எழுதுங்கள்: எந்தத் தாள், எந்தப் பிரதியிலிருந்து, எந்தத் தேதியில்.